சுவரை யார் பூசுவது: சிந்து மாகாணத்தில் யாஸ்மீன் லாரியின் மூங்கில், மண், சுண்ணாம்பு வீடுகள் குறித்த நிகழ்வு ஆய்வு

2022ஆம் ஆண்டு பருவமழையின்போது பாகிஸ்தானில் ஏற்பட்ட பெருவெள்ளம் ஏறக்குறைய 3.3 கோடி மக்களைப் பாதித்தது. 1,700க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். மிக மோசமாக அடிபட்டது சிந்து மாகாணம். அங்கே இடிந்தும் சேதமடைந்தும் போன வீடுகளின் எண்ணிக்கை இருபது லட்சத்தைத் தொட்டது. விழுந்தவற்றில் பெரும்பாலானவை ஏழைகளின் மண்சுவர் வீடுகள். நாள்கணக்கில் நீர் தேங்கி நின்றதால் சுவரின் அடிப்பாகம் ஊறிக் கரைந்து, கூரையின் பாரம் தாங்காமல் அவை அப்படியே அமர்ந்துவிட்டன. அதே மாகாணத்தில், தாண்டோ அல்லாயார் பகுதியில் உள்ள போனோ காலனி என்னும் சிற்றூரில், மூங்கில், மண், சுண்ணாம்பு ஆகிய மூன்றையும் கொண்டு எழுப்பப்பட்ட ஏறக்குறைய நூறு வீடுகள் வெள்ளத்துக்குப் பிறகும் நின்றன. ஊர்மக்கள் ஊரிலேயே பத்திரமாக இருந்தார்கள் என்று இதற்குப் பொருள் கொள்ளக் கூடாது. நீர் வடியும்வரை அவர்களும் மற்றவர்களைப் போலச் சாலையில்தான் தங்க நேர்ந்தது. ஆனால் திரும்பி வந்தபோது அவர்களுக்குக் குடிபுக வீடு இருந்தது.

அந்த வீடுகளின் வடிவமைப்பாளர் யாஸ்மீன் லாரி, பாகிஸ்தானின் முதல் பெண் கட்டடக் கலைஞர் என்று அறியப்படுபவர். அவருடைய பணி பொதுவாகச் 'சுற்றுச்சூழலுக்கு இசைந்த கட்டடக்கலை' என்ற தலைப்பின் கீழ் பாராட்டப்படுகிறது. பாராட்டு தவறானதல்ல, ஆனால் அது பாதியைத்தான் சொல்கிறது. எந்தப் பொருளால் கட்டுவது என்று அவர் எடுக்கும் முடிவு, கரியமில வாயுக் கணக்கோடு நிற்பதில்லை. கட்டுமானப் பணம் யார் கைக்குப் போகிறது, வேலையை யார் செய்கிறார்கள், மறுமழைக்குப் பிறகு சுவரை யார் பழுதுபார்க்க முடிகிறது என்பவற்றையும் அந்த முடிவே தீர்மானிக்கிறது. அந்த அரசியலின் வலிமையும் அது விட்டுவைத்திருக்கும் இடைவெளிகளும் இந்த ஆய்வின் பொருள்.

கண்ணாடிக்கு முன்னும் பின்னும்

லாரி 1941இல் தேரா காஜி கானில் பிறந்தார். தந்தை பிரிட்டிஷ் காலத்து ஐ.சி.எஸ். அதிகாரி, லாகூர் நகர மேம்பாட்டுப் பொறுப்பிலும் இருந்தவர். இங்கிலாந்தில் ஆக்ஸ்ஃபோர்டு நகரில் கட்டடக்கலை பயின்று, 1960களின் நடுவில் நாடு திரும்பி, கராச்சியில் தொழில் தொடங்கினார். 1970களில் சுல்ஃபிகர் அலி பூட்டோ ஆட்சியின்போது, லாகூரில் அங்கூரி பாக் என்னும் அரசுக் குடியிருப்பை வடிவமைக்கும் வாய்ப்பு வந்தது. பூசாத செங்கல் சுவர்கள், படிப்படியாக ஏறும் மொட்டைமாடிகள், வீடுகளுக்கு இடையே குறுகிய தெருக்கள் என்று பழைய லாகூரின் சாயலில் அது அமைந்தது. குடிவர இருந்த பெண்கள் அவரிடம் கேட்ட கேள்வி, கோழிகளை எங்கே வளர்ப்பது என்பது. அடுக்குமாடிக் கட்டடத்தில் அதற்கு விடை கிடையாது. ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு திறந்த மாடியாவது வேண்டும் என்ற அமைப்பு அந்தக் கேள்விக்கு விடையாகவே வந்தது.

அதன்பின் வந்தவை வேறு மாதிரியான கட்டடங்கள். கராச்சியின் நிதி மற்றும் வர்த்தக மையம் 1980களின் இறுதியிலும், பாகிஸ்தான் அரசு எண்ணெய் நிறுவனத்தின் தலைமையகம் 1990களின் தொடக்கத்திலும் எழுந்தன. முன்னது பெருங்கான்கிரீட், பின்னது மெருகேற்றிய கருங்கல்லும் வெளிச்சத்தைத் திருப்பியடிக்கும் கண்ணாடியும். 2000ஆம் ஆண்டில் அவர் வணிகத் தொழிலிலிருந்து விலகினார். தாம் முன்பு கட்டியவற்றுக்குப் பரிகாரம் தேடுவதைப் போன்றதே இப்போதைய பணி என்று அவரே பேட்டிகளில் சொல்லியிருக்கிறார்.

பரிகாரக் கதை கேட்பதற்கு நன்றாக இருக்கிறது, எழுதுபவர்களுக்கும் வசதியானது. ஆயினும் அங்கூரி பாக்கை அருகில் வைத்துப் பார்த்தால் அந்தக் கதை முழுமையானதாகத் தோன்றவில்லை. பயனாளிப் பெண்ணிடம் கேட்டுவிட்டு வரைபடம் போடும் பழக்கமும், உள்ளூர்ப் பொருளைப் பூச்சின்றி வெளியே காட்டும் துணிவும் 1970களிலேயே அவரிடம் இருந்தன. மாறியது வேறொன்று: அன்று வாடிக்கையாளர் அரசு, இன்று அரசு இல்லை. இந்த மாற்றத்தின் விளைவுகள் ஆய்வின் பிற்பகுதியில் வரும்.

கோட்டையில் கற்ற சுண்ணாம்பு

1980இல் அவரும் அவருடைய கணவரும் வரலாற்று ஆய்வாளருமான சுஹைல் ஜஹீர் லாரியும் சேர்ந்து பாகிஸ்தான் மரபு அறக்கட்டளையைத் தொடங்கினர். பழைய கட்டடங்களை ஆவணப்படுத்துவதே அதன் தொடக்க நோக்கம். லாகூர்க் கோட்டையும் ஷாலிமார் தோட்டமும் 2000ஆம் ஆண்டில் யுனெஸ்கோவின் ஆபத்திலுள்ள மரபிடப் பட்டியலில் சேர்க்கப்பட்ட பிறகு, கோட்டையில் உள்ள ஷீஷ் மஹால் என்னும் கண்ணாடி அரண்மனையின் சீரமைப்பில் யுனெஸ்கோவின் ஆலோசகராக லாரி பணியாற்றினார். முகலாயர் காலத்துப் பூச்சு முழுவதும் சுண்ணாம்பு. அதன்மீது பிற்காலத்தில் சிமெண்ட் பூசினால் என்ன ஆகும் என்பது பழுதுபார்ப்போர் எல்லாருக்கும் தெரியும்: சிமெண்ட் இறுகி ஈரத்தை உள்ளே அடைத்துவிடும், ஈரத்தோடு ஏறிய உப்பு வெளியேற வழியின்றிப் பழைய செங்கல்லையே அரிக்கும். சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை வாங்கி வெளியே விட்டுவிடும்.

2005 அக்டோபர் 8 அன்று 7.6 அளவிலான நிலநடுக்கம் காஷ்மீரையும் பாகிஸ்தானின் வடக்கு மலைப்பகுதியையும் தாக்கியது. எழுபதாயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தனர். அறுபது வயதைக் கடந்திருந்த லாரி, மான்சேரா மாவட்டத்தின் சீரான் பள்ளத்தாக்குக்குச் சென்று, இடிபாடுகளில் கிடந்த கல்லையும் மரத்தையும் சுண்ணாம்புச் சாந்தோடு சேர்த்து மீண்டும் வீடு கட்டும் முறையை ஊர்மக்களோடு சேர்ந்து வகுத்தார். அரண்மனைச் சுவரில் கற்ற சுண்ணாம்பு அங்கேதான் குடிசைக்கு இறங்கியது.

அந்த மறுகட்டமைப்பில் பின்னால் பயன்படக்கூடிய ஒரு பாடம் உண்டு. நிவாரணப் பணம் வழங்கிய அரசு ஆணையம், தொடக்கத்தில் செங்கல் அல்லது கான்கிரீட் கட்டைச் சுவரையும் இரும்புக் கம்பியையும் கொண்ட வடிவங்களைத்தான் ஏற்றது. மரச்சட்டத்தின் இடைவெளிகளில் கல்லும் மண்ணும் நிரப்பும் 'தஜ்ஜி' என்னும் அப்பகுதியின் பழைய முறை, பல இடங்களில் நிலநடுக்கத்தைத் தாங்கி நின்றிருந்தது. மக்கள் தாமாகவே அதைக் கட்டத் தொடங்கிய பிறகும், பொறியாளர்கள் அதற்கான விவரக்குறிப்புகளை எழுதிக் கொடுத்த பிறகுமே, 2006இன் இறுதிவாக்கில் ஆணையம் அதற்கு ஒப்புதல் அளித்தது. ஒப்புதல் வரும்வரை தஜ்ஜி வீட்டுக்குத் தவணைப் பணம் கிடையாது. நின்று காட்டினால் மட்டும் போதாது, தாளிலும் ஏற வேண்டும் என்பதே அந்தப் பாடம்.

மூன்று பொருள்கள்

2010இல் சிந்து நதி பெருக்கெடுத்து ஏறக்குறைய இரண்டு கோடி மக்களைப் பாதித்தபோது லாரியின் பணி சிந்து மாகாணத்துக்கு நகர்ந்தது. அங்கே கல் இல்லை; மரம் அரிது; மண் உண்டு. சுண்ணாம்பு கிடைக்கும். மூங்கிலை வெளியிலிருந்து வரவழைக்க வேண்டியிருந்தாலும், மரத்தைவிட மலிவு. வெட்டினால் மூன்று முதல் ஐந்து ஆண்டுகளில் மீண்டும் முதிர்ந்த கழி கிடைக்கும் என்பதால் காட்டுக்கும் கேடில்லை.

வீட்டின் அமைப்பு எளிமையானது. எண்கோண வடிவில் எட்டு மூங்கில் சட்டகங்கள். ஒவ்வொன்றிலும் குறுக்குக் கழிகள் சாய்வாகக் கட்டப்பட்டு, பக்கவாட்டு விசையை வாங்கிக்கொள்ளும். சட்டகங்களை ஒரு பட்டறையில் முன்கூட்டியே செய்து, ஊருக்குக் கொண்டுவந்து நிறுத்தி இணைத்துவிடலாம். மேலே கூம்புக் கூரை. சுவரில் தட்டியோ பாயோ வைத்து அதன்மேல் சுண்ணாம்பு கலந்த மண்பூச்சு. முழுவதும் ஒரு மேடைமீது நிற்கும். சிந்திலும் அண்டையில் உள்ள ராஜஸ்தானிலும் காணப்படும் 'சன்வாரா' என்னும் ஒற்றையறைக் குடிசையின் திருத்திய வடிவம் என்றே இதைச் சொல்ல வேண்டும். வடிவம் ஊராருக்குப் புதிதல்ல என்பதால் அதைக் கட்டப் பழகுவதும் அவர்களுக்குக் கடினமாக இருக்கவில்லை.

வெள்ளத்தில் இந்த வீடு நிற்பதற்கான காரணங்களைத் தனித்தனியே பிரித்துப் பார்ப்பது நல்லது. முதலாவது மேடை, பெரும்பாலான ஆண்டுகளில் நீர் அதற்குக் கீழேயே நின்றுவிடும். இரண்டாவது, பாரத்தைச் சுவர் சுமப்பதில்லை, மூங்கில் சுமக்கிறது. பூச்சு உதிர்ந்தாலும் கூரை விழாது. வெறும் மண்சுவர் வீட்டுக்கும் இதற்கும் உள்ள அடிப்படை வேறுபாடு இதுதான். மூன்றாவது சுண்ணாம்பு. இதைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியுள்ளது.

சுண்ணாம்புக்கல்லைக் காளவாயில் ஏறக்குறைய 900 பாகை வெப்பத்தில் சுட்டால் சுட்ட சுண்ணாம்பு கிடைக்கிறது. அதன்மேல் நீர் ஊற்றியதும் நல்ல கட்டி சீறிக்கொண்டு ஆவி கிளப்பி, நிமிடங்களில் பிளந்து, வெண்ணெய் போன்ற களியாகிறது. வெகுநாள் காற்றில் கிடந்து பழுதான கட்டியோ சூடேறாமல், கல்லும் தூளுமாகக் கிடக்கும். கொத்தனாருக்கு ஆய்வகம் வேண்டாம், இந்தச் சீறலே போதும். நீற்றிய சுண்ணாம்பைக் களிமண்ணோடு பிசைந்து ஈரம் காயாமல் வைத்திருந்தால், களிமண்ணில் உள்ள சிலிக்காவும் அலுமினாவும் சுண்ணாம்போடு மெல்ல வினைபுரிந்து நீரில் கரையாத பிணைப்பை உண்டாக்குகின்றன. தனிச் சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவை வாங்கித்தான் இறுகும், நீருக்கடியில் இறுகாது. களிமண்ணோடு சேரும்போது உண்டாகும் இந்த இரண்டாவது வினையே மண்சுவரைக் கரையாத சுவராக்குகிறது. கலப்பு சரியாக இருக்கிறதா என்று பார்க்க, காய்ந்த கட்டியொன்றை ஒரு வாளி நீரில் பல நாள் மூழ்கவைத்தால் போதும். சாதா மண் சில மணி நேரத்திலேயே சேறாகிவிடும்; சுண்ணாம்பு ஏறிய மண்ணோ விளிம்பு மழுங்காமல் இருக்கும்.

'பூச்சியக் கரிமம்' என்று லாரி தம் கட்டடங்களைக் குறிக்கிறார். இந்தச் சொல்லைக் கண்மூடி ஏற்க வேண்டியதில்லை. தூய சுண்ணாம்புக்கல் 100 கிலோவைச் சுட்டால் 56 கிலோ சுட்ட சுண்ணாம்பும் 44 கிலோ கரியமில வாயுவும் வெளிவரும். காளவாயின் எரிபொருள் தனி. இறுகும்போது சுண்ணாம்பு அந்த வாயுவைத் திரும்ப வாங்குகிறது என்பது உண்மைதான். ஆனால் அது மேற்பரப்பிலிருந்து உள்ளே மெதுவாக, ஆண்டுகள் எடுத்து நடப்பது. களிமண்ணோடு வினைபுரிந்த பகுதியில் இக்கணக்கு இன்னும் சிக்கலாகிறது. சரக்கு வண்டியில் வரும் மூங்கிலுக்கும் டீசல் செலவு உண்டு. எனவே பூச்சியம் என்பது இலக்கே தவிர அளவீடு அல்ல. அதற்காகச் சிமெண்டையும் இதையும் ஒரே தட்டில் வைக்க முடியாது. உலகின் கரியமில வாயு வெளியேற்றத்தில் ஏறக்குறைய 7 முதல் 8 விழுக்காடு சிமெண்டுடையது. அதன் சூளை 1,450 பாகை வரை எரிய வேண்டும். மேலும், இந்த வீட்டில் சுண்ணாம்பு, மண்ணின் எடையில் பத்தில் ஒரு பங்கு அளவிலேயே சேரும். மீதியெல்லாம் காலடி மண்.

அடுப்பிலிருந்து தொடங்கும் பொருளாதாரம்

வீட்டைவிட அதிகம் பரவியது லாரியின் அடுப்பு. 'பாகிஸ்தான் சூலா' எனப்படும் இது, மண்ணும் சுண்ணாம்பும் கொண்டு உயர்ந்த மேடைமீது கட்டப்படும் புகைபோக்கி அடுப்பு. சிந்துக் கிராமங்களின் வழக்கமான அடுப்பு தரையிலேயே இருக்கும். புகை முழுவதும் பெண்ணின் கண்ணிலும் நெஞ்சிலும் இறங்கும். தவழும் குழந்தை தீயில் கைவைக்கும். மழைநீர் வந்தால் அடுப்பே போய்விடும். மேடையும் புகைபோக்கியும் மூன்றுக்கும் விடை தந்தன. 2018இல் இத்திட்டத்துக்கு உலக உறைவிட விருது கிடைத்தபோது அறுபதாயிரத்துக்கும் மேற்பட்ட அடுப்புகள் கட்டப்பட்டிருந்தன.

எண்ணிக்கையைவிட, அவை பரவிய விதம் இந்த ஆய்வுக்கு முக்கியமானது. அடுப்பை யாரும் இலவசமாகக் கொடுக்கவில்லை. பயிற்சி பெற்ற ஒரு பெண் ஊர் ஊராகச் சென்று, சிறு கட்டணம் வாங்கிக்கொண்டு, வீட்டுக்காரியின் கையாலேயே அடுப்பைக் கட்டவைக்கிறாள். அவளுக்கு 'சூலா அதி', அதாவது அடுப்பு அக்கா, என்று பெயர். கட்டி முடித்த பெண்கள் மேடைக்கு மண்ணால் பூவும் கொடியும் வைத்து அழகு செய்கிறார்கள். இந்த அலங்காரத்தை ஒரு பின்னிணைப்பாகக் கருதுவது தவறு. தன் கையால் அணிசெய்த பொருளை அடுத்த மழைக்குப் பிறகு பூசிவைக்காமல் எந்தப் பெண்ணும் விடுவதில்லை. உலகெங்கும் இலவசமாகக் கொடுக்கப்பட்ட புகையில்லா அடுப்புகள் பல, சில மாதங்களிலேயே மூலையில் போடப்பட்டதை நினைத்தால் இதன் மதிப்பு விளங்கும்.

மக்லியில், யுனெஸ்கோ மரபிடமான பெருங்கல்லறைத் தொகுதியின் அருகே, அறக்கட்டளையின் பயிற்சி மையம் பெரும் மூங்கில் கூரையின் கீழ் இயங்குகிறது. கல்லறைகளுக்கு வருவோரிடம் பிச்சை எடுத்து வாழ்ந்த குடும்பங்கள் அங்கே சுடுமண் ஓடுகளும் சட்டகங்களும் செய்யக் கற்றுக்கொண்டன. கராச்சியின் பழைய வணிகப் பகுதியில், டென்சோ ஹால் அருகே லாரி ஒரு தெருவைப் பாதசாரிகளுக்காக மாற்றியமைத்தபோது, மழைநீர் உள்ளிறங்கும்படி பதித்த சுடுமண் கற்கள் இந்தக் குடும்பங்களின் கையிலிருந்து வந்தவை. ஒரு ஊர் சட்டகம் செய்து விற்க, இன்னொரு ஊர் சுண்ணாம்பும் ஓடும் விற்க, பணம் ஏழை ஊர்களுக்குள்ளேயே சுற்றிவர வேண்டும் என்பது திட்டம். சர்வதேச நிவாரணத்தின் காலனியத் தர்ம மனப்பான்மையை அவர் வெளிப்படையாகவே சாடுகிறார். பூச்சியக் கரிமம், பூச்சியக் கழிவு என்ற வரிசையில் பூச்சியத் தர்மத்தையும் அவர் சேர்த்துச் சொல்வதன் காரணம் இதுதான்.

இங்கே இன்னொரு கணக்கையும் சேர்க்க வேண்டும். இது என் வாதம். சிந்துவின் நிலமற்ற குத்தகை உழவர்கள் 'ஹாரி' எனப்படுகிறார்கள். அவர்களில் கோலி, பீல், மேக்வார் முதலிய ஒடுக்கப்பட்ட இந்துச் சாதியினர் ஏராளம். பாகிஸ்தானின் செங்கல் சூளைகளில் 'பேஷ்கி' என்னும் முன்பணக் கடனில் சிக்கிய தொழிலாளர் நிலைமை நன்கு ஆவணப்படுத்தப்பட்டது. இந்தியாவில் 1976இல் வந்த கொத்தடிமை ஒழிப்புச் சட்டத்தைப் போலவே அங்கும் 1992இல் சட்டம் வந்தது. அங்கும் சட்டத்தோடு விஷயம் முடிந்துவிடவில்லை. வெள்ளத்தில் வீடிழந்த ஏழைக்குச் சுட்ட செங்கல்லால் உறுதியான வீடு கட்டித்தருவது கருணையாகத் தெரியலாம். அந்தச் செங்கல்லை அறுத்தவரும் அதே வறுமையிலிருந்து வந்த கடனாளியாக இருக்கக்கூடும் என்பது அந்த வீட்டின் மதிப்பீட்டில் எங்கும் எழுதப்படுவதில்லை. சுடாத மண் இந்தச் சங்கிலியை அறுக்கிறது. நிலைத்த பொருள் என்ற பேச்சில் கரியமில வாயுவோடு உழைப்பையும் எடை போட வேண்டும் என்றால், லாரியின் தேர்வு அங்கே கூடுதலாக வலுப்பெறுகிறது.

மறுத்த பரிசு

லாரிக்கு விருதுகள் வரிசையாக வந்தன: 2020இல் ஜேன் ட்ரூ பரிசு, 2023இல் பிரிட்டனின் அரச கட்டடக் கலைஞர் நிறுவனம் வழங்கும் தங்கப் பதக்கம். 2025இல் இஸ்ரேலின் வுல்ஃப் அறக்கட்டளை கட்டடக்கலைக்கான பரிசை அறிவித்தபோது, காஸாவில் இனப்படுகொலை தொடர்கிறது என்று சுட்டி அவர் அதை மறுத்தார். பரிசுத் தொகை ஒரு லட்சம் டாலர். மூங்கில் வீட்டின் விலையில் எண்ணினால் நூற்றுக்கணக்கான வீடுகள். மறுப்பு சரியா என்பதில் வாசகர்கள் வேறுபடலாம். ஆனால் நன்கொடையாளரின் நிழலில் வளரும் தொண்டு நிறுவனங்களில் இப்படிப்பட்ட மறுப்பு அரிது. கொடுப்பவரின் அடையாளம் பார்த்து வாங்கும் உரிமை ஏழைக்கும் உண்டு என்று சொல்லிவரும் ஒருவர் தம் விஷயத்தில் அதையே செய்தார்.

தீராத கேள்விகள்

முதலாவது, மூங்கிலின் ஆயுள். துளைப்பான் வண்டு ஏறிய கழி சில ஆண்டுகளில் உள்ளே மாவாகிவிடும். சரியான பருவத்தில் வெட்டி, போராக்ஸ் (வெண்காரம்) கலவையில் ஊறவைத்து, தரையீரம் படாமல் மேடைமீது நிறுத்தி, கூரை விளிம்பை வெளியே நீட்டிவிட்டால் பல பத்தாண்டுகள் நிற்கும். இவற்றில் ஒன்று தவறினாலும் கணக்கு மாறிவிடும். ஒரு ஊரில் அறக்கட்டளையின் கண்பார்வையில் நடக்கும் இந்த ஒழுங்கு, பத்து லட்சம் வீடுகள் என்ற லாரியின் இலக்கை நோக்கி ஓடும்போது எல்லா இடத்திலும் நடக்குமா என்பது நியாயமான ஐயம்.

இரண்டாவது, சிந்துவின் மண். நீர்த்தேக்கத்தாலும் உப்பாலும் பாதிக்கப்பட்ட நிலம் அங்கே பரந்து கிடக்கிறது. சல்ஃபேட் மிகுந்த மண்ணோடு சுண்ணாம்பு சேர்ந்தால், இறுகுவதற்குப் பதிலாக உப்பிப் பிளக்கும் ஆபத்து உண்டு என்பது சாலைப் பொறியாளர்கள் நன்கறிந்த ஒன்று. ஓர் ஊரின் கலவை விகிதத்தை அடுத்த ஊருக்கு அப்படியே எடுத்துச் செல்ல முடியாது. மண்ணைச் சோதித்தாக வேண்டும்.

மூன்றாவது கேள்வி கூர்மையானது. மலிவான வீடு என்று சொல்லும்போது, அந்த மலிவு எங்கிருந்து வருகிறது? பெரும்பகுதி, வீட்டுப் பெண்ணின் ஊதியமில்லா உழைப்பிலிருந்து. வயல் வேலை, நீர் சுமத்தல், சமையல் ஆகியவற்றோடு பூச்சுவேலையும் அவள் தலையில் ஏறுகிறது. ஆண்டுதோறும் மறுபூச்சும் அவளுடையதே. தற்சார்பு என்று ஒரு பக்கம் சொல்வதை, மறுபக்கம் வேலைப்பளு என்றும் சொல்லலாம். சட்டகம் செய்து விற்பதும் அடுப்புக் கட்டக் கற்பித்துக் கட்டணம் வாங்குவதும் இதற்கு ஓரளவு விடையளிக்கின்றன. ஆனால் தன் சொந்த வீட்டுக்காக உழைக்கும் பெண்ணுக்கு விடையில்லை. அங்கூரி பாக்கில் அந்தச் செலவை அரசு ஏற்றது என்பதை மறந்துவிடக் கூடாது. தர்மத்தை மறுப்பது ஒன்று. அரசின் கடமையை அதோடு சேர்த்துத் தள்ளுபடி செய்வது வேறொன்று. லாரி இரண்டாவதைச் செய்யவில்லை என்றாலும், அவருடைய முறையைப் புகழும் ஆட்சியாளர்களுக்கு அந்த வசதி கிடைத்துவிடுகிறது.

நான்காவது, மக்களின் ஆசை. சிந்துவிலும் 'பக்கா' வீடு, அதாவது செங்கல்லும் சிமெண்டும் கொண்ட வீடு, என்பது மதிப்பு. மகனுக்குப் பெண் கேட்டு வருபவர்கள் மண்சுவரைப் பார்த்து முகம் சுளித்தால், எந்தக் கரியமிலக் கணக்கும் அங்கே செல்லாது. ஏழை மட்டும் ஏன் மண்ணில் வாழ வேண்டும் என்ற கேள்விக்கு, பணக்காரர்களும் அதே பொருளில் கட்டத் தொடங்குவதைத் தவிர நேர்மையான பதில் இருப்பதாகத் தெரியவில்லை.

அரசின் வீடும் அறக்கட்டளையின் வீடும்

2022 வெள்ளத்துக்குப் பிறகு, உலக வங்கி உள்ளிட்டோரின் நிதியோடு சிந்து அரசு பிரம்மாண்டமான வீட்டுத் திட்டத்தைத் தொடங்கியது. இலக்கு 21 லட்சம் வீடுகள். ஒவ்வொரு குடும்பத்துக்கும் 3 லட்சம் பாகிஸ்தான் ரூபாய், தவணை தவணையாக. எழுபவை பெரும்பாலும் செங்கல், சிமெண்ட் வீடுகள். லாரியின் வீடு இதில் சிறு பங்கிலேயே முடிந்துவிடும். ஆனால் இரண்டையும் விலையால் மட்டும் ஒப்பிடுவது நியாயமல்ல, அளவும் உறுதியும் எதிர்பார்க்கும் ஆயுளும் வேறு வேறு.

அரசுத் திட்டத்தில் லாரியின் திட்டத்தில் இல்லாத ஒன்று இருக்கிறது: மனை உரிமையைப் பெண்கள் பெயரில் வழங்கும் ஏற்பாடு. ஜமீன்தாரின் நிலத்தில் குடியிருக்கும் ஹாரிக்கு இது சாதாரண விஷயமல்ல. நிலக்கிழார் போகச் சொன்னால் சட்டகங்களைக் கழற்றி எடுத்துக்கொண்டு போகலாம் என்பது மூங்கில் வீட்டின் வசதி என்று சொல்லப்படுவதுண்டு. அந்த வசதி தேவைப்படுகிறது என்பதே அங்குள்ள நிலைமையைச் சொல்கிறது. கழற்றக்கூடிய வீடு வெள்ளத்தைச் சமாளிக்கும்; நிலக்கிழாரைச் சமாளிக்க மனைப்பட்டா வேண்டும். மறுபுறம், அரசு வீட்டின் சுவரில் விரிசல் விழுந்தால் சிமெண்ட் மூட்டைக்கும் கொத்தனார் கூலிக்கும் அந்தக் குடும்பம் மீண்டும் கடன் வாங்க வேண்டும்; லாரியின் வீட்டிலோ முற்றத்து மண்ணும் ஒரு கூடைச் சுண்ணாம்பும் போதும்.

ஆகவே இரண்டையும் ஒரே திட்டத்துக்குள் கொண்டுவருவதே செய்யக்கூடியது, அதற்கான முன்னுதாரணம் தஜ்ஜி. மூங்கில்–சுண்ணாம்பு வீட்டைத் தவணைப் பணம் பெறத் தகுதியான வடிவமாக அரசு ஏற்க வேண்டுமானால், மூங்கிலின் பதப்படுத்தலுக்கும், சுண்ணாம்பின் தரத்துக்கும், மண்ணின் உப்பளவுக்கும், மேடையின் உயரத்துக்கும் விவரக்குறிப்புகள் எழுதப்பட வேண்டும். 2010க்குப் பிறகு கட்டிய வீடுகளில் எத்தனை, எந்த நிலையில் நிற்கின்றன என்று அறக்கட்டளையைச் சாராத பொறியாளர்கள் சென்று பார்த்து வெளியிட வேண்டும். பூச்சுவேலைக்கு அந்தப் பெண்ணுக்கும் தவணையில் ஒரு கூலி ஒதுக்கப்பட வேண்டும். கராச்சியிலேயே நிலநடுக்க அதிர்வில் கட்டடங்களைச் சோதிக்கும் மேசையும் அதற்கான பொறியியல் துறையும் உள்ளன. வடக்கின் மலைப்பகுதியில் ஏறக்குறைய ஓராண்டில் முடிந்த அந்த வேலை, தெற்கில் முதல் பெருவெள்ளம் வந்து பதினைந்து ஆண்டுகள் ஆகியும் இன்னும் முடியவில்லை.